கோவில்பட்டியில் எழுதிய தெய்வ முகங்கள்

முருகன் எப்படி இருப்பான் என்று 1960-களில் மதுரைக்குத் தெற்கே வளர்ந்த ஒரு குழந்தையைக் கேட்டிருந்தால் அது தயங்காமல் சொல்லியிருக்கும்: இளஞ்சிவப்பு முகம், நீண்ட கண், கையில் வேல், அருகில் மயில், இருபுறமும் வள்ளியும் தெய்வானையும், பின்னால் நீல மலை. கோயிலில் அந்தக் குழந்தை இப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்காது. எண்ணெய்க்காப்பு ஏறிய கல்மேனியைத் தீபாராதனை வெளிச்சத்தில் சில நொடி கண்டுவிட்டுக் கூட்டத்தோடு நகர வேண்டிய இடம் கருவறை. தெய்வத்தின் முகத்தை நின்று நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தது, மளிகைக் கடையிலோ ஜவுளிக் கடையிலோ கேட்டு வாங்கிய காலண்டர். அந்தக் காலண்டர் முகத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976).

தமிழ்நாட்டுக் கலை வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் கைத்திறனை யாரும் குறைத்துச் சொல்வதில்லை. படங்கள் எல்லாம் ஒரே மாதிரி, சரக்குக்காக வரைந்தவை, ஆகவே அவற்றில் கலைஞனின் தேடல் என்று பேச ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் தடை. எனக்கு அந்த எண்ணத்தோடு உடன்பாடில்லை. ‘ஒரே மாதிரி’ என்று நாம் தள்ளிவிடும் அந்தத் தன்மை அவர் நெடுங்காலம் உழைத்து வந்தடைந்த ஒன்று. அதைத் தேடித்தான் அவர் வரைந்தார்.

மயிலாப்பூரில், தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்தில் பிறந்தவர் கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகே அது நவீன ஓவியத்தின் பக்கம் திரும்பியது. கொண்டையராஜு படித்தது அதற்கு முந்தைய பள்ளியில். கைத்தொழிலும் பார்த்து வரைதலும் அன்று அங்கே பிரதானம். உடலின் அளவு, ஒளி நிழல், தூரக்காட்சி ஆகியவை அவர் கையில் படிந்தது அங்கேதான். பிறகு ஆன்மிக நாட்டம் அவரைத் திருவண்ணாமலைக்கு இழுத்துச் சென்றது. ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். அங்கிருந்து வெளியே வந்தவர் நாடகக் கம்பெனியில் சீன் வரைபவராகச் சேர்ந்தார்.

துறவு நாடியவர் நாடகக் கொட்டகைக்குப் போனதை முரண் என்று நினைக்க வேண்டியதில்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து வந்த, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகள் பலவும் குருகுலம் போலவே நடந்தன. விடியற்காலையில் எழுந்து பாடம், பூஜை, பொதுப் பந்தி, வாத்தியாரின் கண்டிப்பு என்று அதற்கொரு நியமம் இருந்தது. மேடையில் நடந்ததும் பெரும்பாலும் புராணம். குடும்பமில்லாத ஒரு மனிதன் தெய்வக் கதைகளுக்கு நடுவே ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க அதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் காலத்தில் அரிது.

கொண்டையராஜுவின் கலை உருவானது அந்தக் கொட்டகையில்தான் என்பது என் கணிப்பு. ஓவியப் பள்ளிக்கு இதில் இரண்டாம் இடமே தருவேன்.

தெரு சீன், காட்டு சீன், தர்பார் சீன் என்று கம்பெனிகள் வண்டி வண்டியாகப் படுதாக்களைச் சுமந்து திரிந்தன. கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ போன்ற நாடகங்களுக்குக் காட்சிச் சோடனைக்காகவே கூட்டம் வந்தது. பெரிய துணியில் பொடி வண்ணத்தை வஜ்ரத்தில் குழைத்துத் தீட்டுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளுத்துவிடும். தீட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை நம்ப முடியாது; காய்ந்தபின் எப்படி நிற்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே குழைக்க வேண்டும். அதற்கும் மேல் ஒரு கணக்கு இருந்தது. படுதாவைப் பகலில் யாரும் பார்க்கப்போவதில்லை. இரவில் காஸ் விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவன் பார்க்கப்போகிறான். அவன் கண்ணுக்கு மலை மலையாகவும் மண்டபம் மண்டபமாகவும் தெரிய வேண்டும். ஆகவே நிறத்தை ஏற்ற வேண்டும், விவரத்தைக் குறைக்க வேண்டும், எது முன், எது பின் என்பது ஒரே பார்வையில் பிடிபட வேண்டும். தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு, தூரத்தில் இருக்கும் இன்னொருவர் கண்ணிலிருந்து வரையும் பழக்கம் இப்படித்தான் ஒருவருக்கு வந்து சேரும்.

படுதா அவருக்குக் கற்றுக்கொடுத்த இன்னொன்று, பின்னணி எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பது. நடிகர் வந்து நின்றால் அவர் முகம்தான் எடுபட வேண்டும். சீன் அவரைத் தாங்க வேண்டும், அவரோடு போட்டியிடக் கூடாது. கொண்டையராஜுவின் சாமிப் படங்களில் தெய்வத்துக்குப் பின்னால் வரும் ஏரி, பனி படர்ந்த மலை, தூண் வரிசை எல்லாவற்றிலும் இந்த அடக்கம் தெரியும். மலையின் நீலம் வெளிறியிருக்கும். தெய்வத்தின் விளிம்பு மட்டும் தெளிவாக நிற்கும். அந்தப் பின்னணிகளில் நான் காண்பது காட்டு சீனையும் தர்பார் சீனையும்தான்.

1931-ல் ‘காளிதாஸ்’ வந்தபின் பேசும்படம் நாடகக் கம்பெனிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தது. கொண்டையராஜு இருந்த கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தது. கரிசல் காட்டுப் பருத்தியும் மில்களும் ரயில் நிலையமும் கொண்ட ஊர். நடிகர்கள் வேறு திசை பார்த்துப் போக, அவர் அங்கேயே தங்கிவிட்டார். சீன் வேலையில் துணையாயிருந்த டி.எஸ். சுப்பையாவோடு சேர்ந்து தேவி ஆர்ட் ஸ்டுடியோவை ஏற்படுத்தினார். உருவப்படம், போட்டோ, கேட்டு வந்தவர்களுக்குச் சாமிப் படம் என்று எல்லா வேலையும் அங்கே நடந்தது.

அருகில் சிவகாசி இருந்ததுதான் அடுத்த திருப்பத்துக்குக் காரணம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை தெரிந்ததே. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த வழியில் லித்தோ அச்சு அங்கே வேரூன்றியது. வறண்ட காற்று அதற்குத் தோதாக இருந்தது. ஈரக்காற்றில் காகிதம் விரியும். ஒரு நிறம் ஏற்றிய தாள் அடுத்த நிறத்துக்கு வருவதற்குள் அளவு மாறிவிட்டால் படம் கலங்கிப்போகும். சிவகாசியில் அந்தத் தொல்லை குறைவு. லேபிள் அச்சடித்தவர்கள் காலண்டருக்கு வந்தபோது தெய்வப் படம் எழுதக்கூடிய கை தேவைப்பட்டது. அது கோவில்பட்டியில் தயாராக இருந்தது.

இங்கே வேலை நடந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தப் படங்களின் அழகு அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. படங்களை எண்ணெய் வண்ணத்தில் எழுதாமல் ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தில் எழுதினார்கள். எண்ணெய் வண்ணம் காயப் பல நாள் ஆகும், பளபளப்பு கேமராவில் கூசும். நீர்வண்ணம் உடனே காயும், மங்கலான சீரான பரப்பைத் தரும், அச்சகத்துக்குப் போகத் தாமதமில்லை. லித்தோ காலத்தில் அச்சகத்து ஓவியர் மூலப்படத்தைப் பார்த்து ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பரப்பு தயாரித்தார். பின்னாளில் ஆப்செட் வந்தபோது மஞ்சள், மெஜந்தா, சியான், கறுப்பு என்று நான்கு தகடுகளுக்குள் எல்லா நிறமும் அடங்க வேண்டியிருந்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகினாலும், அதாவது அவர்கள் மொழியில் ‘ரிஜிஸ்டர்’ விலகினாலும், விளிம்புகள் இரட்டிக்கும். முகத்தின் வரையறை மிக மெல்லிய நிற மாற்றங்களை மட்டும் நம்பியிருந்தால் அச்சில் முகம் சிதைந்துவிடும். கண், புருவம், நெற்றித் திலகம் ஆகியவற்றை அழுத்தமாக நிறுத்திவிட்டுக் கன்னத்தையும் கழுத்தையும் குழைவாக விட்டால், சிறு விலகலை முகம் தாங்கிக்கொள்ளும். கோவில்பட்டி முகங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அதை வெறும் பாணி என்று எடுத்துக்கொள்வது போதாது. அச்சுக்குப் போய் ஆயிரக்கணக்கில் திரும்பும் படம் இது என்பதை அறிந்த கை எழுதிய முகம் அது. காய்ந்தபின் வெளுக்கும் நிறத்தை முன்கூட்டியே கணக்கிட்ட அதே மனம்தான் அச்சில் மாறும் நிறத்தையும் கணக்கிட்டது.

கொண்டையராஜுவுக்கு முன்னால் அச்சில் தெய்வத்தைப் பரப்பியவர் ரவிவர்மா. 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் ஓலியோகிராப்கள் தெற்கேயும் நிறைய வந்தன. செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களின் மேல் ஜரிகையும் துணியும் வைத்துத் தைத்து அலங்கரித்தார்கள். கோவில்பட்டிக்காரர்கள் ரவிவர்மாவிடம் கற்றது நிறைய: சதையின் மென்மை, பட்டின் மடிப்பு, நகையின் ஒளி. ஆனால் ரவிவர்மாவின் மனம் கதையில் இருந்தது. காலில் தைத்த முள்ளை எடுக்கும் பாவனையில் திரும்பிப் பார்க்கும் அவருடைய சகுந்தலை நம்மை அறியமாட்டாள். அவள் உலகத்தை நாம் எட்டிப் பார்க்கிறோம். கொண்டையராஜுவின் தெய்வம் நம்மை அறியும். அவருக்கு எல்லா முடிவுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

உருவம் நேராக நிற்கும், அல்லது அமர்ந்திருக்கும். இரண்டு கண்களும் முழுமையாகத் தெரியும். பாதங்கள் மறைவதில்லை, வணங்குபவருக்குப் பாதம் வேண்டும். அபயம் காட்டும் கை விரிந்து நம் பக்கம் இருக்கும். முகத்தில் நிழல் விழாது. ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடினால் தெய்வத்தின் மேனியிலிருந்தே வருவதுபோல் இருக்கும். கிரீடம், வங்கி, ஒட்டியாணம், பதக்கம், சலங்கை எல்லாம் உற்சவர் அலங்காரத்தில் நாம் பார்த்தவை. இது இன்ன கோயில் சாமி என்று சொல்லும்படியும் இருக்கும், எந்த ஊர்க்காரரும் தம் சாமி என்று எடுத்துக்கொள்ளும்படியும் இருக்கும்.

கதை சொல்ல வேண்டிய படத்திலும் இந்த நியமம் தளர்வதில்லை. அவருடைய புகழ்பெற்ற படங்களில் ஒன்று கஜேந்திர மோட்சம். கதையில் இருப்பது அவசரம்: முதலை காலைப் பற்றியிருக்கிறது, யானை தாமரையை ஏந்திக் கதறுகிறது, கருடன்மேல் பெருமாள் விரைந்து வருகிறார். அந்த அவசரத்தை அப்படியே எழுதினால் பெருமாள் யானையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பூஜை அறையில் அந்தப் படத்தின் முன் நிற்பவர் விட்டுப்போவார். கருடசேவைக்குக் காத்திருந்த கூட்டத்தின் பக்கம் முகம் காட்டி வரும் பெருமாளை அங்கே எழுத வேண்டியிருக்கிறது. மேடையில் இதற்கு முன்மாதிரி உண்டு. நாடகத்தின் முடிவில் பக்தனுக்குக் காட்சி தரும் தெய்வம் சபையைப் பார்த்துத்தான் நிற்கும். பக்தனாக நடிப்பவர் பக்கவாட்டில் கைகூப்பி நிற்பார். சபையே பக்தனாகிவிடும் கணம் அது. கொண்டையராஜு அந்தக் கணத்தை மேடையிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுவந்தார் என்று நினைக்கிறேன்.

இப்போது ‘ஒரே மாதிரி’ என்ற குற்றச்சாட்டுக்கு வரலாம். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் முருகனுக்கும் உருவம் இன்னபடி இருக்க வேண்டும் என்று தியான சுலோகங்கள் வகுத்து வைத்திருக்கின்றன. எத்தனை கை, எதில் என்ன ஆயுதம், எந்த நிறம், எந்த ஆசனம் என்பதில் ஓவியருக்குச் சுதந்திரம் இல்லை. வியாபாரமும் அதையே கேட்டது. அச்சகத்தார் படங்களை ஆல்பமாகக் கட்டி, ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு வெளியிட, ஏஜெண்டுகள் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். கடைக்காரர் தேர்ந்தெடுத்த படத்தின் அடியில் அவர் கடைப்பெயர் அச்சாகும். சென்ற ஆண்டு ஓடிய படத்தைப் போன்ற ஒன்று இந்த ஆண்டும் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். இந்த இரண்டு வேலிகளுக்கும் நடுவே கிடைத்த இடம் சிறியது. புன்னகை எவ்வளவு, இமை எவ்வளவு தாழ்வு, தலை எந்த அளவு சாய்வு, மாலையின் நிறம் சிவப்பா மஞ்சளா, தோரணம் வேண்டுமா வேண்டாமா. கர்நாடக இசைக் கச்சேரியில் நூறு முறை கேட்ட கீர்த்தனையை நூற்றியோராவது முறை கேட்பவர் எதற்காகக் காத்திருக்கிறாரோ, அதைத்தான் இந்தப் படங்களிலும் தேட வேண்டியிருக்கிறது. புதிய உருவத்தைக் கண்டுபிடிப்பது கொண்டையராஜுவின் நோக்கமாக இருந்ததில்லை. தெரிந்த உருவத்தின் முகத்தில் கருணை இன்னும் சற்றுத் தெளிவாகத் தெரியுமா என்பதுதான் ஒவ்வொரு படத்திலும் அவர் எடுத்துக்கொண்ட சோதனை.

அவர் எதற்காக வரைந்தார் என்ற கேள்விக்கு, எந்தக் கொள்கை விளக்கத்தையும்விட வலுவான சான்றாக எனக்குத் தோன்றுவது கையெழுத்து. கோவில்பட்டிப் படங்கள் பலவற்றின் மூலையில் இரண்டு பெயர்கள் சேர்ந்திருக்கும்: கொண்டையராஜுவும் டி.எஸ். சுப்பையாவும், கொண்டையராஜுவும் எம். ராமலிங்கமும். டி.எஸ். அருணாசலம், எஸ். மீனாட்சிசுந்தரம், ஜி. செண்பகராமன் என்று அவரிடம் பயின்று காலண்டர் உலகில் பெயர்பெற்றவர்கள் இன்னும் உண்டு. நவீன ஓவியத்தில் கையெழுத்து என்பது ‘இது என்னுடையது, பிறர் தொட முடியாது’ என்ற அறிவிப்பு. இங்கே ஆசிரியர் தம் பெயருக்கு அடுத்த இடத்தை மாணவருக்குத் திறந்துவிடுகிறார். சந்தையில் விலைபோகும் ஒரு பெயரை இப்படிப் பகிர்ந்துகொண்டால் மாணவரின் பெயரும் அச்சகத்தார் மனத்தில் பதியும். பின்னாளில் அவர் தனியே பிழைக்க வழி பிறக்கும். பட்டறைத் தொழிலின் நடைமுறை ஞானம் அது. கூடவே ‘நான் செய்தேன்’ என்பதை இறுக்கிப் பிடிக்காத மனமும் அதில் தெரிகிறது. திருமணம் செய்துகொள்ளாமல், சீடர்களைச் சுற்றமாகக் கொண்டு, துறவிபோல எளிமையாக வாழ்ந்தவர் அவர். திருவண்ணாமலையில் தேடியதை அவர் கைவிட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக அவரைப் பணம் தீண்டாத ரிஷியாக்கிவிடவும் கூடாது. ஸ்டுடியோ நடக்க வேண்டும், சீடர்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அச்சகம் கேட்ட தேதியில் படம் போயாக வேண்டும். பக்தி ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம் என்று பிரித்து, எது உண்மையான உந்துதல் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கோயில் விக்கிரகம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் கூலி வாங்குகிறார், நியமத்தோடும் வார்க்கிறார்; இரண்டும் ஒரே வேலையின் பகுதிகள். கொண்டையராஜுவையும் அந்த மரபில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவானது. அதே சென்னைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் இந்திய மண்ணுக்குரிய நவீன மொழியைக் கோட்டிலும் குறியீட்டிலும் தேடினார்கள். பத்திக் துணிகள் போன்ற கைவினைப் பொருள்களை விற்று அந்தத் தேடலுக்கான சுதந்திரத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள். அவர்கள் சாதனையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் தொங்கிய ஓவியத்தில் பெரும்பங்கு கோவில்பட்டியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். ஒரு பக்கத்தார் ஓவியத்தை வாழ்வாதாரத்திலிருந்து விடுவித்துக் காப்பாற்றினார்கள். மறுபக்கத்தார் வாழ்வாதாரத்துக்குள்ளேயே அதைக் காப்பாற்றினார்கள். முதல் வகைக்கு நாம் அருங்காட்சியகம் கொடுத்தோம்.

அச்சகத்தை விட்டு வெளியே வந்த பிறகும் இந்தப் படங்களின் வேலை முடிவதில்லை. ஆண்டு முடிந்து தேதித்தாள்கள் தீர்ந்ததும் அட்டையிலிருந்து படத்தை வெட்டி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போடுவார்கள். கடைப்பெயர் இருந்த அடிப்பகுதி சட்டத்துக்குள் மறைந்துபோகும். விளம்பரமாக வந்த தாள் பூஜைக்கு உரியதாகும். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியின்மேல் சந்தனமும் குங்குமமும் ஏறும், பூச்சரம் தொங்கும். சட்டம் உடைந்தாலும் குப்பையில் போட மனம் வராது; கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள். தெருக்கோடியில் இருப்பவருக்கும் தெளிவாகத் தெரியும் நெற்றியும், பொட்டு வைக்க இடம் விட்ட முகமும், தொட்டு வணங்க எட்டும் பாதமும் இந்தப் பயன்பாட்டை எதிர்பார்த்தே அமைந்தவை. மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி இந்திய அச்சுப் படங்களைப் பற்றிய தம் ஆய்வில், உடலோடு உறவாடும் இந்த வகைப் பார்வையைக் கலைக்கூடப் பார்வையிலிருந்து வேறுபடுத்திப் பேசுகிறார். கொண்டையராஜுவின் படங்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகப் பொருந்துகிறது.

அவரைக் குறித்து முறையான ஆய்வைத் தொடங்கியவர் கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்லிஸ். மதுரைப் பகுதி வேளார்களின் மண்பாண்ட, மண்சிற்பத் தொழிலை ஆராய வந்தவர், சுவர்ப்படங்களின் பக்கம் கவனம் திருப்பி, கோவில்பட்டி ஆசிரியரையும் சீடர்களையும் பற்றி 1990-களில் விரிவான கட்டுரைகள் எழுதினார். கஜ்ரி ஜெயின் 2007-ல் வெளியிட்ட காலண்டர் கலை பற்றிய நூல் சிவகாசியின் வணிக வலையை ஆழமாக விளக்குகிறது. இவற்றுக்கு நிகரான விரிவில் தமிழில் ஒரு நூல் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்த நூல் செய்ய வேண்டிய முதல் வேலை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நீர்வண்ண மூலங்கள் காகிதத்திலும் அட்டையிலும் இருப்பவை. ஈரமும் பூச்சியும் எளிதில் தின்றுவிடும். அச்சானதும் மூலத்துக்கு மதிப்பில்லை என்று கருதிய தொழில் இது. ஆகவே அச்சுப்பிரதிகளையே முதன்மைச் சான்றாகக் கொண்டு, அச்சகப் பெயர், கையெழுத்து, நிறப் பகுப்பின் முறை ஆகியவற்றை வைத்து ஆண்டுவாரியாக அடுக்க வேண்டும். கொண்டையராஜு தனியாகக் கையெழுத்திட்ட படங்களையும் சுப்பையாவோடும் ராமலிங்கத்தோடும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணை எழுதிய கை எது, பட்டு மடிப்பை எழுதிய கை எது, பின்னணி மலையை எழுதிய கை எது என்று கேட்கத் தொடங்கலாம். அதற்கான பிரதிகள் அச்சகங்களின் பழைய ஆல்பங்களிலும், சட்டம் போடும் கடைகளின் பரணிலும், சேகரிப்பாளர்களிடமும் சிதறிக் கிடக்கின்றன.